வீட்டில் புற்றுநோய், வாசலில் ஜெபக்குழு: அவர்கள் செய்வது என்ன, செய்யாதது என்ன?

இப்படி ஒரு மாலையை நினைத்துப் பாருங்கள். செமிலிங்கில் உங்கள் வீட்டு வாசலில் ஒரு கார் வந்து நிற்கிறது. இரண்டு ஆண்ட்டிகள் இறங்குகிறார்கள். ஒருவர் கையில் ஜெபமாலை, இன்னொருவர் கையில் சின்னதாக ஒரு ஜெபப் புத்தகம்.

"கோயில்லேர்ந்து வர்றோம்மா. பாட்டிக்கு உடம்பு சரியில்லைன்னு கேள்விப்பட்டோம். பார்த்துட்டு, ஒரு ஜெபமாலை சொல்லிட்டுப் போறோம்."

பாட்டிக்குப் புற்றுநோய் என்று டாக்டர் சொல்லி ஒரு வாரம்தான் ஆகிறது. அம்மா இன்னும் வேலையிலிருந்து வரவில்லை. கதவைத் திறப்பதா? உள்ளே வந்து என்ன செய்வார்கள்? பாட்டிக்கு அது நல்லதா? ‘இனிமேல் ஆஸ்பத்திரி வேண்டாம், ஜெபம் போதும்’ என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது?

நியாயமான கேள்விகள்தான். பெரும்பாலான தமிழ்க் குடும்பங்களில் ஆஸ்பத்திரி கடிதத்தை மலாயிலிருந்து தமிழுக்கு மாற்றிச் சொல்வது, கார் ஓட்டுவது, டாக்டரிடம் பேசுவது எல்லாமே வீட்டில் இருக்கும் இளையவர்கள் தலையில்தான் வந்து விழுகிறது. அதனால் இந்தக் கட்டுரை உங்களுக்கு.

இவர்கள் யார்?

கெடாவில் உள்ள கத்தோலிக்கர்கள் பினாங்கு மறைமாவட்டத்தைச் சேர்ந்தவர்கள். 1955-இல் உருவான இந்த மறைமாவட்டத்தின் ஆயர் செபாஸ்டியன் பிரான்சிஸ், 2023-இல் கர்தினாலாக உயர்த்தப்பட்டார். செமிலிங், மெர்போக், பீடோங் பக்கத்தில் இருப்பவர்களுக்கு அருகில் உள்ள பெரிய ஆலயம் சுங்கைப்பட்டாணி கிறிஸ்து அரசர் ஆலயம். தோட்டங்களில் வேலை செய்த தாத்தா பாட்டிகள் காலத்திலிருந்தே இந்த வட்டாரத்துத் தமிழ்க் கத்தோலிக்கர்களுக்கு ஞாயிறு பூசை என்றால் ஒரு பயணம்தான்.

நோயாளிகளைப் பார்க்க வீட்டுக்கு வருபவர்கள் எல்லாரையும் பொதுவாக ‘ஜெபக்குழு’ என்று சொல்லிவிடுகிறோம். ஆனால் அவர்களுக்குள் வேறுபாடு உண்டு. அது தெரிந்தால் யாரிடம் என்ன கேட்கலாம் என்பதும் தெரியும்.

முதலாவது, மரியாயின் சேனை. 1921 செப்டம்பர் 7-ஆம் தேதி அயர்லாந்தின் டப்ளின் நகரத்தில் பிராங்க் டஃப் என்ற அரசாங்க ஊழியர் தொடங்கிய பொதுநிலையினர் இயக்கம் இது. அவர் சாமியார் கிடையாது, நம்மைப் போல ஆபீஸ் வேலைக்குப் போனவர். இந்த இயக்கத்தினர் செய்த முதல் வேலையே, டப்ளினில் ஏழைகளுக்கான ஒரு மருத்துவமனையில் படுத்திருந்த பெண்களைப் போய்ப் பார்த்ததுதான். நூறு ஆண்டு தாண்டியும் அந்த வேலை மாறவில்லை. வாரம் ஒருமுறை கூடுவார்கள். வெள்ளைத் துணி விரித்த மேசையில் மாதா சுரூபம், இரண்டு மெழுகுவர்த்தி, இரண்டு பூச்சாடி. ஜெபமாலை சொன்னபின், போன வாரம் யாரைப் பார்த்தோம் என்று ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். அந்த வாரத்துக்கான வேலையும் அங்கேதான் பிரித்துக் கொடுக்கப்படும்.

இவர்களுக்குக் கண்டிப்பான சில விதிகள் உண்டு. வீட்டுக்குத் தனியாக வரக்கூடாது, இருவராகத்தான் வர வேண்டும். ஒரு வீட்டில் கேட்டதை வெளியே பேசக்கூடாது. பணமோ பொருளோ உதவியாகக் கொடுக்கக்கூடாது. கடைசி விதி உங்களுக்கு வியப்பாக இருக்கலாம். காரணம் எளிமையானது. கையில் சாமானோடு வருபவர் ‘கொடுப்பவர்’ ஆகிவிடுகிறார், வாங்குகிறவர் மனசு குறுகிப் போகிறது. வெறுங்கையோடு வருபவரிடம் பேச்சு வேறு மாதிரி இருக்கும் என்பது அந்த இயக்கத்தின் எண்ணம்.

இரண்டாவது, வின்சென்ட் தே பவுல் சபை. 1833-இல் பாரிஸில் பிரெடெரிக் ஓசானாம் என்ற 20 வயது மாணவரும் அவருடைய நண்பர்களும் தொடங்கியது. இவர்கள் பொருளாகவே உதவி செய்பவர்கள். மளிகை, வாடகை, ஆஸ்பத்திரிக்குப் போய்வரும் செலவு என்று குடும்பத்தின் நிலையைப் பார்த்துக் கைகொடுப்பார்கள்.

மூன்றாவது, அன்பியம். ஒரே வட்டாரத்தில் குடியிருக்கும் கத்தோலிக்கக் குடும்பங்கள் மாறி மாறி ஒருவர் வீட்டில் கூடி ஜெபிக்கும் சின்னக் குழு. 1976-இல் தீபகற்ப மலேசியாவின் குருக்கள் ஒரு மாத காலம் ஒன்றாகக் கூடி, இனி திருச்சபை எப்படி இயங்க வேண்டும் என்று யோசித்தார்கள். இப்படிப்பட்ட அண்டை வீட்டுக் குழுக்களை வளர்ப்பது அங்கே எடுக்கப்பட்ட முக்கிய முடிவுகளில் ஒன்று. அவசரத்துக்குக் கார் எடுத்துக்கொண்டு வரப்போவது பெரும்பாலும் இவர்கள்தான். ஏனென்றால் பக்கத்திலேயே இருப்பவர்கள்.

அப்படியென்றால், பேச்சுத்துணைக்கும் ஜெபத்துக்கும் மரியாயின் சேனை, பணத் தட்டுப்பாட்டுக்கு வின்சென்ட் தே பவுல் சபை, அன்றாட ஓட்டத்துக்கு அன்பியம். ஒரே ஆளே மூன்றிலும் இருக்கலாம், அது வேறு விஷயம். எந்தக் குழு எப்போது கூடுகிறது என்பது ஆலய அலுவலகத்தில் கேட்டால் தெரியும்.

கேன்சருக்கென்று ஒரு புனிதரா?

வரும் ஆண்ட்டி ஒரு சிறிய படத்தைப் பாட்டி கையில் கொடுக்கக்கூடும். கறுப்பு அங்கி போட்ட ஒரு துறவி, காலில் கட்டு. அவர் புனித பெரெகிரின். 13-ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் ஃபோர்லி நகரத்தில் பிறந்தவர். மரியின் ஊழியர் சபையில் சேர்ந்தவர். காலில் புற்று வந்து, காலை எடுத்துவிட வேண்டும் என்று மருத்துவர் முடிவு செய்ததாகவும், அதற்கு முந்திய இரவு முழுவதும் சிலுவை முன் ஜெபித்து, விடிந்தபோது கால் குணமாகியிருந்ததாகவும் அவருடைய வரலாற்றில் சொல்லப்படுகிறது. 1345-இல் இறந்தார். 1726-இல் திருத்தந்தை 13-ஆம் பெனடிக்ட் அவரைப் புனிதராக அறிவித்தார். உலகம் முழுவதும் கத்தோலிக்கர்கள் அவரைப் புற்றுநோயாளிகளின் பாதுகாவலராகக் கொண்டாடுகிறார்கள்.

இந்தக் கதையில் ஒன்றைக் கவனியுங்கள். பெரெகிரின் மருத்துவரைத் தவிர்க்கவில்லை. மருத்துவர் வந்து பார்த்தார், சிகிச்சை முடிவானது, அதற்குச் சம்மதித்த பிறகுதான் அந்த இரவு ஜெபம். ‘டாக்டர் வேண்டாம், ஜெபம் போதும்’ என்று யாராவது இவரைக் காட்டிச் சொன்னால், இந்தக் கதையையே திருப்பிச் சொல்லுங்கள்.

நம் தமிழ்க் குடும்பங்களில் பெரெகிரினை விட வேளாங்கண்ணி மாதாவும், புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னாளும்தான் அதிகப் பழக்கம். ஜூலை 26-ஆம் தேதியை ஒட்டி நடக்கும் அன்னாள் திருவிழாவுக்கு இந்துக்களும் சீனர்களும்கூட மெழுகுவர்த்தி ஏற்றப் போவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். பிப்ரவரி 11, லூர்து மாதா திருநாள். அதையே திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 1992-இல் உலக நோயாளர் தினமாக அறிவித்தார். அன்று பல ஆலயங்களில் நோயாளிகளுக்கென்றே தனித் திருப்பலி நடக்கும். உங்கள் பாட்டியால் உட்கார முடிந்தால், கூட்டிக்கொண்டு போகத் தகுந்த நாள்.

வீட்டுக்குள் என்ன நடக்கும்?

பெரும்பாலும் முதலில் வெறும் பேச்சுதான். "சாப்பாடு எறங்குதாம்மா? தூக்கம் வருதா?" பிறகு ஜெபமாலை. 53 மணிகளில் அருள்நிறை மந்திரத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வார்கள், ஒருவர் பாதி சொல்ல மற்றவர்கள் மீதி சொல்வார்கள். இருபது நிமிடம் போல ஆகும். உடம்பு முடியாதவர்களுக்கு ஒரே ஒரு பத்து மணியோடு நிறுத்திக்கொள்ளலாம். தப்பில்லை, சொல்லிவிடுங்கள்.

சிறுவயதிலிருந்து வாயில் பழகிய வார்த்தைகள் இவை. கீமோ எடுக்கும் பலருக்கு மனசு ஒரு இடத்தில் நிற்காது, புதிதாக எதையும் படிக்க முடியாது. அப்போது யோசிக்காமலே நாக்கில் வரும் வார்த்தைகள் ஒரு பிடிமானம். பக்கத்தில் இன்னொரு குரலும் சேர்ந்து சொல்லும்போது, இந்த நோயைத் தான் மட்டும் சுமக்கவில்லை என்ற நினைப்பு வருகிறது.

சிலர் நற்கருணை கொண்டுவருவார்கள். அதற்கென்று நியமிக்கப்பட்ட பொதுநிலையினர் இதைச் செய்யலாம். வாயில் புண், விழுங்க முடியவில்லை என்றால் மிகச் சிறிய துண்டு போதும். நற்கருணைக்கு முன் ஒரு மணி நேரம் சாப்பிடாமல் இருக்க வேண்டும் என்ற விதி நோயாளிகளுக்குக் கிடையாது. தவக்கால ஒருசந்தியும் அப்படித்தான். நோயாளிகளைத் திருச்சபை அதிலிருந்து விலக்கி வைத்திருக்கிறது. கீமோ நடக்கும்போது உடம்புக்குச் சத்து வேண்டும். ‘மாதாவுக்கு நேர்ந்துக்கிட்டேன்’ என்று பாட்டி பட்டினி கிடந்தால், இதைச் சொல்லிச் சாப்பிட வையுங்கள். கேட்கவில்லை என்றால் சாமியாரையே சொல்லச் சொல்லுங்கள். அவர் சொன்னால் கேட்பார்.

‘ஃபாதர் வந்தா கடைசி நேரமா?’

பல குடும்பங்கள் சாமியாரைக் கூப்பிடத் தயங்குவதற்குக் காரணம் இந்தப் பயம்தான். ‘ஃபாதர் வந்து எண்ணெய் பூசுனா, அவ்வளவுதான்’ என்று பாட்டியே பயப்படுவார். இந்தப் பயத்துக்கு ஒரு வரலாறு உண்டு. பழைய தமிழில் இந்த அருட்சாதனத்தின் பெயரே ‘அவஸ்தைப் பூசுதல்’. உயிர் போகும் நேரத்தில்தான் குரு வருவார்.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் இதை மாற்றியது. 1972-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் புதிய சடங்கு முறையை வெளியிட்டார். இப்போது பெயர் ‘நோயில்பூசுதல்’. கடுமையான நோய் என்று தெரிந்தவுடனே பெறலாம். பெரிய ஆபரேஷனுக்கு முன் பெறலாம். நோய் முற்றினால் மறுபடியும் பெறலாம். குரு நெற்றியிலும் கைகளிலும் எண்ணெய் பூசி ஜெபிப்பார். இந்த எண்ணெயை ஆயர் புனித வாரத்தையொட்டி மந்திரித்துப் பங்குகளுக்கு அனுப்புகிறார்.

ஒன்றை நினைவில் வையுங்கள்: இதை ஆயரும் குருக்களும் மட்டுமே செய்ய முடியும். ஜெபக்குழுவில் வருபவர் ‘நானே எண்ணெய் பூசறேன்’ என்று செய்வது இந்த அருட்சாதனம் ஆகாது. திருத்தலத்திலிருந்து கொண்டுவந்த எண்ணெயைப் பக்திக்காக நெற்றியில் வைத்துக்கொள்வது வேறு. ஆனால் ரேடியேஷன் பட்ட தோலிலோ ஆறாத புண்ணிலோ எதையும் தடவாதீர்கள். முதலில் நர்ஸிடம் கேளுங்கள்.

ஜெபம் பண்ணினால் குணமாகுமா?

நேரடியாகவே பேசுவோம். ஜெபத்தைக் கீமோவுக்குப் பதிலாக வைக்கலாம் என்று கத்தோலிக்கத் திருச்சபை சொல்வதில்லை. கடவுள் குணமாக்க முடியும் என்று அது நம்புகிறது. அதே சமயம், வேறு எந்தச் சபையையும் போல அது ஆஸ்பத்திரிகளைக் கட்டியிருக்கிறது.

அதற்கு நம் பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது. பினாங்குத் தீவில் உள்ள மவுண்ட் மிரியம் புற்றுநோய் மருத்துவமனையை 1976-இல் தொடங்கியவர்கள் பிரான்சிஸ்கன் சபைக் கத்தோலிக்கச் சகோதரிகள். அப்போது பினாங்குப் பாலம் கிடையாது. அது 1985-இல்தான் திறந்தது. கெடாத் தோட்டத்திலிருந்து ஒரு நோயாளி போக வேண்டுமென்றால் பஸ் பிடித்துப் பட்டர்வொர்த், அங்கிருந்து ஃபெரி. கன்னியாஸ்திரிகள் அங்கே ஜெபித்தார்கள், கூடவே கதிர்வீச்சு இயந்திரமும் வாங்கி வைத்தார்கள்.

அறிவியல் என்ன சொல்கிறது? 2006-இல் அமெரிக்காவில் ஒரு பெரிய ஆய்வு வெளிவந்தது. இதய அறுவைச் சிகிச்சைக்குப் போன 1,802 நோயாளிகளில் ஒரு பகுதியினருக்காக முகம் தெரியாதவர்கள் ஜெபித்தார்கள். ஜெபம் கிடைத்தவர்களுக்கும் கிடைக்காதவர்களுக்கும் சிக்கல்களில் பயன் தரும் வித்தியாசம் எதுவும் இல்லை. தூரத்து ஜெபத்தை அளவுகோலால் அளக்கப் பார்த்தால் இதுதான் கிடைக்கும்.

பக்கத்தில் உட்கார்ந்து கொடுக்கும் துணை வேறு கதை. அதிலும் எச்சரிக்கை ஒன்று உண்டு. முற்றிய நிலையில் இருந்த 343 புற்றுநோயாளிகளைப் பற்றி 2013-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று என்ன கண்டது தெரியுமா? தங்கள் சபைகளிலிருந்து நிறைய ஆன்மிக ஆதரவு பெற்றவர்கள், கடைசி நாட்களில் ஐசியு, வெண்டிலேட்டர் போன்ற கடுமையான சிகிச்சைகளுக்கு அதிகம் போனார்கள். அமைதியாக வலி தணிக்கும் பராமரிப்புக்கு வந்தவர்கள் குறைவு. ‘நம்பிக்கையை விடாதே, அதிசயம் நடக்கும்’ என்று சுற்றியிருப்பவர்கள் சொல்லிக்கொண்டே இருந்தது இதற்குக் காரணமாக இருந்திருக்கலாம். ஆனால் இதே நோயாளிகளில், டாக்டர்களும் நர்ஸ்களும்கூட அவர்களுடைய ஆன்மிகத் தேவையைக் கேட்டுப் பேசியிருந்தால், நிலைமை மாறியது.

இதிலிருந்து உங்களுக்கு ஒரு வேலை. ஜெபக்குழுவும் ஆஸ்பத்திரியும் தனித்தனி உலகமாக இருக்க விடாதீர்கள். ‘பாட்டிக்கு ஜெபம் முக்கியம், வாரம் ஒருமுறை கோயில்லேர்ந்து வர்றாங்க’ என்று டாக்டரிடம் சொல்லுங்கள். ‘அடுத்த வாரம் ஸ்கேன், ரெண்டு நாள் சோர்வா இருப்பாங்க’ என்று குழுவிடம் சொல்லுங்கள். இரண்டு மொழியும் தெரிந்த நீங்கள்தான் நடுவில் பாலம்.

தாமதம்தான் பெரிய எதிரி

மலேசியத் தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டின்படி 2012 முதல் 2016 வரை 115,238 பேருக்குப் புதிதாகப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. 2017 முதல் 2021 வரை அது 168,822. இவர்களில் சுமார் 65 விழுக்காட்டினர் மூன்றாம் அல்லது நான்காம் கட்டத்தில்தான் கண்டுபிடிக்கப்பட்டார்கள். அதாவது மூன்று பேரில் இரண்டு பேர் தாமதம்.

தோட்டத்துத் தமிழர்கள் கவனிக்க வேண்டியது வாய்ப் புற்றுநோய். மலேசியாவில் இந்தியர்களிடம் இது மற்ற இனங்களை விட அதிகம். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை என்று பல வருடம் மென்றதுதான் முக்கியக் காரணம். புகையிலை சேர்க்காத வெற்றிலை பாக்கும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-இல் உறுதிப்படுத்தியது. பாட்டி வாயில் இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண்ணோ, தேய்த்தாலும் போகாத வெள்ளைத் திட்டோ, சிவப்புத் திட்டோ இருந்தால் அரசாங்கப் பல் கிளினிக்கில் காட்டுங்கள். செமிலிங்கிலேயே எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் பல் மருத்துவமும் சொல்லித்தருகிறது. இந்த ஊர்ப் பிள்ளைகளுக்குப் பல் டாக்டர் என்றால் தூரத்து விஷயம் இல்லை.

நல்ல ஜெபக்குழு இங்கேயும் உதவும். வீடு வீடாகப் போகிறவர்கள் அவர்கள்தான். ‘வாயில புண்ணு இருக்குதுன்னு சொன்னீங்களே, கிளினிக் போனீங்களா?’ என்று போன வாரம் கேட்டதை இந்த வாரமும் கேட்கக் கூடியவர்கள். அந்த ஒரு கேள்வி ஒருவரை முதல் கட்டத்திலேயே டாக்டரிடம் அனுப்பிவைக்கலாம்.

வலி மருந்து எடுப்பது பாவமா?

‘இயேசு சிலுவையில பட்ட பாட்ட விடவா?’ என்று வலியைப் பொறுத்துக்கொள்ளும் பாட்டிகள் உண்டு. மோர்ஃபின் என்றால் போதை, அல்லது ‘சீக்கிரம் முடிச்சிடுவாங்க’ என்று பயப்படும் தாத்தாக்களும் உண்டு.

இதற்குத் திருச்சபை எப்போதோ பதில் சொல்லிவிட்டது. 1957-இல் திருத்தந்தை 12-ஆம் பயஸ், மயக்க மருந்து நிபுணர்களிடம் பேசும்போது, வலியைத் தணிக்க வேறு வழி இல்லாதபோது மருந்து கொடுப்பது சரியே என்றார். அதன் பக்கவிளைவாக ஆயுள் குறையக்கூடும் என்றாலும், நோக்கம் வலியைத் தணிப்பது மட்டும்தான் என்றால் தவறில்லை என்றும் விளக்கினார். இன்றைய கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலும் இதையே சொல்கிறது. பயன் தராத, பாரமான சிகிச்சையை நிறுத்துவதும் தற்கொலை ஆகாது என்கிறது. டாக்டர் சொன்ன அளவில், சொன்ன நேரத்தில் எடுக்கும் மோர்ஃபின் வலி மருந்துதான். வலி இல்லாத பாட்டியால்தான் உட்கார்ந்து ஜெபிக்கவும் முடியும்.

வலிக்கும் மனசுக்கும் தொடர்பு உண்டு என்பதை மருத்துவமே ஒப்புக்கொள்கிறது. 1967-இல் லண்டனில் புனித கிறிஸ்டோபர் ஹோஸ்பிஸைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ், ‘முழு வலி’ என்ற கருத்தைக் கொண்டுவந்தார். உடம்பு வலி, மன வலி, குடும்பக் கவலை, ‘நான் ஏன் பிறந்தேன்’ என்ற ஆன்மிக வலி, நாலும் சேர்ந்துதான் நோயாளியை வாட்டுகிறது என்றார். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்த்தணிப்புப் பராமரிப்பு விளக்கத்திலும் ஆன்மிகத் தேவை இடம்பெற்றுள்ளது. மலேசியாவும் 2019 முதல் 2030 வரைக்கான தேசிய நோய்த்தணிப்புக் கொள்கையை வகுத்திருக்கிறது. ‘பேலியேட்டிவ் டீம் பார்க்கட்டும்’ என்று டாக்டர் சொன்னால், கைவிட்டுவிட்டார்கள் என்று அர்த்தமில்லை. வலியைப் பார்ப்பதற்கென்று தனி ஆட்கள் வருகிறார்கள் என்று அர்த்தம்.

நாங்கள் கத்தோலிக்கர் இல்லையே?

பக்கத்து வீட்டு ஆண்ட்டி உங்கள் அம்மாவுக்காக ஜெபிக்க விரும்பலாம். நம் ஊரில் முருகன் கோயில் விபூதியும் அன்னாள் கோயில் மெழுகுவர்த்தியும் ஒரே வீட்டில் இருப்பது புதிதல்ல. சம்மதம் இருந்தால் வரட்டும். ஆனால் சம்மதம் கொடுக்க வேண்டியவர் நோயாளி. நீங்களோ அப்பாவோ அவருக்காக முடிவெடுக்க வேண்டாம். ‘வேணாம் ஆண்ட்டி, நீங்க உங்க வீட்டிலேயே வேண்டிக்குங்க’ என்று மரியாதையாகச் சொல்வதில் எந்தத் தப்பும் இல்லை.

யார் வந்தாலும் சரி, எந்த மதமாக இருந்தாலும் சரி, கீழே உள்ளவற்றில் ஒன்றைக் கேட்டால் உஷாராகிவிடுங்கள்:

‘மருந்தை நிறுத்துங்க.’ ‘உங்க பாவத்தாலதான் இந்த நோய்.’ ‘விசுவாசம் பத்தலை, அதான் குணமாகலை.’ ‘இவ்வளவு காணிக்கை குடுத்தா சரியாயிடும்.’ ‘மதம் மாறுனா குணமாகும்.’

இதில் எதுவும் மேலே சொன்ன குழுக்களின் வேலை கிடையாது. அப்படி யாராவது பேசினால் பங்குக் குருவிடம் சொல்லுங்கள்.

பணமும் பயணமும்

ரேடியேஷன் என்பது ஒருநாள் வேலை இல்லை. பெரும்பாலும் வாரத்தில் ஐந்து நாள், பல வாரம். கெடா நோயாளிகள் இதற்காகப் பினாங்குக்குப் போய்வருவது பல காலமாக நடப்பது. தினமும் அப்பா லீவு போட முடியாது. ஆக, ஜெபக்குழுவில் ஒருவர் ‘என்ன உதவி வேணும்?’ என்று கேட்டால், ‘ஒண்ணும் வேணாம்’ என்று சொல்லாதீர்கள். ‘புதன்கிழமை பினாங்குக்கு யாராவது கார் எடுக்க முடியுமா?’ என்று கேளுங்கள். கேட்பவருக்கும் அது நிம்மதி.

அரசாங்க உதவிகளும் உண்டு. அரசாங்க மருத்துவமனையில் புற்றுநோய்ச் சிகிச்சை பெறும் தகுதியுள்ள பி40 குடும்பத்தினருக்கு, 2019-இல் தொடங்கிய பெக்கா பி40 திட்டத்தில் சிகிச்சையை முடிப்பதற்கு 1,000 ரிங்கிட் ஊக்கத்தொகையும், தீபகற்பத்தில் இருப்பவர்களுக்குப் பயணச் செலவாக 500 ரிங்கிட் வரையும் வகை செய்யப்பட்டது. வேலை செய்ய முடியாமல் போனவர் பெர்கேசோவில் இயலாமை ஓய்வூதியத்துக்கு விண்ணப்பிக்கலாம். 1966-இல் தொடங்கிய தேசியப் புற்றுநோய்ச் சங்கமும், 1994-இல் தொடங்கிய மாக்னாவும் நோயாளிகளுக்கு உதவுகின்றன. விதிகள் மாறக்கூடியவை. ஆஸ்பத்திரியில் உள்ள மருத்துவச் சமூகப் பணிப் பிரிவில் முதலில் விசாரியுங்கள். பாரத்தைப் பூர்த்தி செய்யும் வேலை எப்படியும் உங்களுக்குத்தான் வரும்.

நீங்கள் செய்யக்கூடியவை

வருவதற்கு முன் போன் பண்ணச் சொல்லுங்கள். கீமோ முடிந்த சில நாட்களில் நோயெதிர்ப்புச் சக்தி இறங்கிவிடும். இருமல், சளி, காய்ச்சல் உள்ளவர்கள் அந்த வாரம் வர வேண்டாம். இரண்டு பேர் போதும், பத்துப் பேர் வேண்டாம். உள்ளே வருமுன் கை கழுவட்டும்.

பாட்டிக்குக் காய்ச்சல் 38 டிகிரியைத் தொட்டால், ஜெபம் நடந்துகொண்டிருந்தாலும் நிறுத்திவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். கீமோ எடுப்பவருக்கு அது அவசரம்.

நோயைப் பற்றி எவ்வளவு வெளியே சொல்லலாம் என்று பாட்டியிடம் கேளுங்கள். சிலருக்குக் ‘கேன்சர்’ என்ற வார்த்தையே ஆலய அறிவிப்பில் வருவது பிடிக்காது. பெயரை மட்டும் சொல்லி ஜெபிக்கச் சொல்லலாம்.

குழு வந்திருக்கும் அந்த அரை மணி நேரம் அம்மாவுக்கு ஓய்வு. அவர் குளிக்கட்டும், படுக்கட்டும். நோயாளியைப் பார்த்துக்கொள்பவருக்கும் ஆள் வேண்டும்.

கடைசியாக, ஒரு குழு நல்ல குழுவா என்று எப்படித் தெரிந்துகொள்வது? முதல் நாள் எல்லாரும் வருவார்கள். ஆபரேஷன் முடிந்த வாரம் வீடு நிறையக் கூட்டம் இருக்கும். மூன்றாவது மாதம், முடியெல்லாம் கொட்டி, பாட்டி யாரோடும் பேசப் பிடிக்காமல் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கும்போது யார் வருகிறார்கள் என்று பாருங்கள். வந்து, அதிகம் பேசாமல், பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு பத்து மணி சொல்லிவிட்டு, ‘அடுத்த வியாழக்கிழமை வர்றோம்மா’ என்று சொல்லிப் போகிறவர்கள்தான் நல்ல குழு.

அந்த வியாழக்கிழமையைக் காலண்டரில் குறித்து வையுங்கள், ஆஸ்பத்திரி அப்பாயின்மென்ட் தேதிக்குப் பக்கத்திலேயே. பாட்டிக்கு இரண்டு தேதியும் வேண்டும்.